காலி வீதியின் முதற் கணினிகள்

கொழும்பின் தெற்கே வெள்ளவத்தையில் தொடங்கி, தெகிவளை, கல்கிசை, இரத்மலானை ஆகிய ஊர்களைக் கடந்து கட்டுபெத்த வரை செல்லும் காலி வீதியின் ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் நீளம், இலங்கையில் செய்நிரலாக்கம் ஒரு தொழிலாக உருப்பெற்ற வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது. செய்நிரல் என்பது ஒரு கணினி செய்ய வேண்டியவற்றை அதற்கு விளங்கும் மொழியில் வரிசைப்படுத்திக் கூறும் கட்டளைத் தொகுதி. அதனை எழுதும் வேலையே செய்நிரலாக்கம். இந்த வீதியின் தென்முனையில், 1972இல் ஒரு வளாகமாகத் தொடங்கி 1978இல் தனிப் பல்கலைக்கழகமாகிய மொறட்டுவைப் பல்கலைக்கழகம் உள்ளது. வடமுனையில், 1990இல் தொடங்கப்பட்டுப் பின்னர் வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதியில் நிலைகொண்ட ஐ.ஐ.டி. என்னும் தனியார் கல்வி நிறுவனம் உள்ளது. இவ்விரண்டுக்கும் இடையில், வங்கி உத்தியோகத்தர், பொறியியலாளர், அரச எழுதுநர், ஆசிரியர் ஆகியோரின் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த ஒழுங்கைகளில், 1980களின் தொடக்கத்தில் வீட்டுக் கணினி என்னும் சிறு பொறி வந்து சேர்ந்தது. பிரித்தானியாவில் அந்தப் பொறியிலிருந்து தொழிலுக்குப் போன பாதை பெரும்பாலும் நேரானது. கொழும்பின் தெற்கில் அது தனியார் வகுப்பு, வெளிநாட்டுப் பரீட்சை, இனக்கலவரம், புலப்பெயர்வு ஆகியவற்றின் ஊடாக வளைந்து சென்றது.

அதற்கு முன்னர் இலங்கையில் கணினி இல்லாமலில்லை. 1960களின் பிற்பகுதியிலேயே, பொறியியலாளர் ஏ. என். எஸ். குலசிங்கவின் தலைமையிலிருந்த அரச பொறியியல் கூட்டுத்தாபனம் ஐ.சி.எல். நிறுவனத்தின் கணினி ஒன்றைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தது. அவ்வகைக் கணினி குளிரூட்டிய அறையொன்றை நிரப்பும் அளவினது. அதற்கான கட்டளைகள் தாளில் எழுதப்பட்டு, துளையட்டைகளில் பொறிக்கப்பட்டு, கட்டாகக் கட்டி இயக்குநரிடம் கையளிக்கப்பட்டன. எழுதியவர் தமது பிழையை அறிந்துகொள்ள மறுநாள் வரையிலும் காத்திருக்க நேரிடலாம் என்பதால், ஒவ்வோர் அட்டையும் பலமுறை சரிபார்க்கப்பட்ட பின்னரே அனுப்பப்பட்டது. 1976இல் இலங்கைக் கணினிச் சங்கம் நிறுவப்பட்டபோது இத்துறையில் இருந்தோர் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்திருக்கக்கூடிய சிறு கூட்டத்தினரே. ஒரு மாணவன் தன் வீட்டு மேசையில் ஒரு கணினியை வைத்து, ஒரே மாலையில் பலமுறை பிழைவிட்டுப் பலமுறை திருத்தலாம் என்பது அந்த ஒழுங்கின் உள்ளே நினைத்தும் பார்க்க முடியாததாக இருந்தது. வீட்டுக் கணினி கொண்டுவந்த பெரிய மாற்றம் வேகத்திலோ விலையிலோ மட்டும் இல்லை. பிழைவிடுவதற்கான கட்டணம் ஏறத்தாழ ஒன்றுமில்லாமற் போனதே அந்த மாற்றத்தின் உயிர்நாடி.

ஆனால் அத்தகைய பொறி ஒரு வீட்டுக்குள் வருவதற்கு முன் வேறு சில வர வேண்டியிருந்தன. 1970 முதல் 1977 வரையான காலத்தில் இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தமையால், மின்னணுப் பொருள்கள் பொதுவாக நடுத்தர வர்க்கத்தின் கைக்கு எட்டவில்லை. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் ஒலிநாடாப் பதிகருவிகளும், அவற்றைத் தொடர்ந்து தொலைக்காட்சிப் பெட்டிகளும் வந்து குவிந்தன. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனோரின் பயணப்பெட்டிகளிலும் அவையே முதலிடம் பெற்றன. இலங்கையின் முதலாவது தொலைக்காட்சிச் சேவை 1979 ஏப்ரில் 13ஆம் திகதியும், ரூபவாகினி 1982 பெப்ரவரி 15ஆம் திகதியும் ஒளிபரப்பைத் தொடங்கின. இந்தத் திகதிகள் கணினியின் வரலாற்றுக்கும் உரியவையே. ஏனெனில், அக்கால வீட்டுக் கணினி தனக்கெனத் திரையோ சேமிப்புத் தட்டோ இல்லாமல், வீட்டிலுள்ள தொலைக்காட்சியைத் திரையாகவும் ஒலிநாடாப் பதிகருவியைச் சேமிப்பகமாகவும் இரவல் வாங்கி இயங்கிய பொறியாகும். தொலைக்காட்சி இல்லாத ஊரில் அதனைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தும் பயனில்லை.

அப்பொறிகளுள் இப்பகுதிக்கு மிகவும் பொருந்தியவை பிரித்தானிய உற்பத்திகளே. கிளைவ் சின்கிளேயரின் நிறுவனம் 1981 மார்ச்சில் வெளியிட்ட இசட்.எக்ஸ்.81, பூட்டிய நிலையில் 69.95 பவுணுக்கு விற்கப்பட்டது. அதன் நினைவகம் ஒரு கிலோபைற்று, அதாவது 1,024 எழுத்துகளை மட்டும் இருத்தக்கூடியது. 1982 ஏப்ரிலில் வந்த இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் நிறங்காட்டியது, 16 கிலோபைற்று நினைவகமுடையது 125 பவுண், 48 கிலோபைற்றுடையது 175 பவுண். பிந்திய தொகை அக்காலச் செலாவணி வீதத்தில் ஆறாயிரம் ரூபாவைத் தாண்டும். அரச எழுதுநர் ஒருவருக்கு அது பல மாதச் சம்பளம். ஆகவே இது கடையில் வாங்கப்பட்ட பொருளாக இருந்ததைவிட, இலண்டனிலிருந்த மாமாவோ சித்தப்பாவோ விடுமுறைக்கு வரும்போது கொண்டுவரக்கூடிய பொருளாகவே இருந்தது. இலங்கையின் மின்னோட்டமும் தொலைக்காட்சியின் பால் எனப்படும் நிறமுறையும் பிரித்தானியாவினதோடு ஒத்துப்போனமையால், சுவரிலுள்ள வட்டக்கால் பிளக்குக்கு ஏற்ப முனையை மாற்றினாற் போதும், பொறி வேலை செய்யும். அமெரிக்காவிலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்த கொமடோர் 64 அப்படியன்று. அதற்கு மின்னழுத்தத்தைக் குறைக்கும் மாற்றியும், அந்நாட்டு நிறமுறையைக் காட்டக்கூடிய தொலைக்காட்சியும் வேண்டியிருந்தன. எந்த நாட்டில் உறவினர் இருக்கிறார் என்பது, ஒரு பிள்ளை எந்தக் கணினியில் பயில முடியும் என்பதையும் தீர்மானித்தது.

ஒரு செய்நிரலை ஒலிநாடாவிலிருந்து ஏற்றும் முறையைச் சற்று விரிவாகக் கூறுவது தகும். அந்தக் காலத்துப் பயிற்சியின் இயல்பு அதிலேயே அடங்கியிருக்கிறது. பதிகருவியின் செவிப்பொறித் துளையிலிருந்து ஒரு கம்பி கணினிக்குச் செல்லும். முதலில் நீண்ட, மாறாத ஒரு கீச்சொலி எழும். பொறி அதனைக் கேட்டுத் தன் தாளத்தைச் சரிப்படுத்திக்கொள்ளும்போது திரையின் ஓரத்தில் சிவப்பும் இளநீலமுமான பட்டைகள் ஓடும். பின்னர் ஒலி கரகரத்து, பட்டைகள் நீலமும் மஞ்சளுமாக மாறும். அப்போதுதான் தரவு உள்ளே செல்கிறது. ஸ்பெக்ட்ரத்தின் நினைவகம் முழுவதையும் நிரப்ப ஏறத்தாழ ஐந்து நிமிடங்கள் ஆகும். நான்காம் நிமிடத்தில் ஒலியளவு ஏறினாலோ, நாடா சுருங்கினாலோ, மின்சாரம் நின்றாலோ, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாடாத் தலையின் சாய்வைச் சிறு திருப்புளியால் திருகிச் சரிசெய்வது, ஒலி மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துவது, அந்த அளவைத் தாளில் குறித்து வைப்பது ஆகியவை செய்நிரல் எழுதுவதற்கு முன்னரே கைவரப்பெற வேண்டிய பழக்கங்களாக இருந்தன. ஒரு பிழை பொறியில் உள்ளதா, கம்பியில் உள்ளதா, எழுதியவரின் சிந்தனையில் உள்ளதா என்று பிரித்தறியும் முறைமை இத்தகைய சிறு தொல்லைகளின் வழியாகவே படிந்தது. பிற்காலத்தில் வங்கியிலோ தொழிற்சாலையிலோ பெரிய தொகுதிகளைப் பேணும் வேலைக்குச் சென்றவருக்கு உதவக்கூடிய முதன்மையான திறனும் இதுவே.

இப்பொறிகளைத் திறந்தவுடன் திரையில் காத்திருந்த மொழி பேசிக். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜோன் கெமனியும் தோமஸ் கேர்ட்ஸும் 1964இல், கணிதமும் அறிவியலும் பயிலாத மாணவரும் கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்னும் நோக்கத்தோடு உருவாக்கிய மொழி அது. அதன் கட்டளைகள் சில பத்து ஆங்கிலச் சொற்களே. ஆயினும், 1950களிலும் 1960களிலும் இலங்கையின் அரச பாடசாலைகள் தாய்மொழிக் கல்விக்கு மாறிவிட்டிருந்தமையால், 1980களில் தமிழ் மூலமோ சிங்கள மூலமோ உயர்தரம் பயின்ற மாணவருக்கு அந்தச் சில பத்துச் சொற்களைவிட, அவற்றை விளக்கும் கைந்நூலே பெரிய தடையாக இருந்தது. வீட்டில் ஆங்கிலம் வழங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் இதில் முந்திக்கொண்டனர். கணினியை எவர் முதலில் கற்றனர் என்ற கேள்விக்கு விடை தேடுவோர், பொறியின் விலையை மட்டும் பார்த்து நின்றுவிடாமல் கைந்நூலின் மொழியையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மொழியின் தடை திரையிலும் இருந்தது. ஸ்பெக்ட்ரத்தின் திரை அகலத்தில் 256, உயரத்தில் 192 புள்ளிகளைக் கொண்டது. எட்டுக்கு எட்டுப் புள்ளிகளாலான சதுரத்தில் ஓர் எழுத்தாக, வரிக்கு 32 எழுத்துகள் அதில் அடங்கின. பயனர் தாமே வரைந்துகொள்ளும் வடிவங்களுக்கென 21 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. சதுரத்தின் ஒவ்வொரு வரியையும் ஓர் எண்ணாகக் கொடுக்க வேண்டும். வலமிருந்து இடமாகப் புள்ளிகளின் பெறுமானம் 1, 2, 4, 8, 16, 32, 64, 128 எனப் பெருகும். இம்முறைப்படி ‘ட’ என்னும் எழுத்தை வரைய, முதல் வரிக்கு 0, அடுத்த ஐந்து வரிகளுக்கும் 64, ஏழாம் வரிக்கு 126, எட்டாம் வரிக்கு 0 என்று கொடுத்தாற் போதும். அந்த 64களை 66களாக மாற்றினால் வலப்பக்கத்திலும் ஒரு செங்கோடு எழுந்து ‘ப’ ஆகிவிடும். ஆனால் ‘ண’ அவ்வளவு எளிதில் பணியாது. ஒரு சுழியின் உள்வெளி தெரிய வேண்டுமாயின் மூன்று புள்ளி அகலம் வேண்டும். அடுத்தடுத்த சுழிகள் ஓரங்களைப் பகிர்ந்துகொண்டாலும் மூன்று சுழிகளுக்கு ஏழு புள்ளிகள் செலவாகிவிடும். எஞ்சிய ஒரு புள்ளியில் எழுத்தின் வலப்பகுதியையும் அடுத்த எழுத்துக்கான இடைவெளியையும் அடக்க முடியாது. ஆகவே இரண்டு சதுரங்களை இணைத்து ஓர் எழுத்தை வரைய வேண்டும். வரைந்தால் வரிக்கு 16 எழுத்துகளே கொள்ளும். உகர, ஊகார வரிசைகளுக்கு மட்டும் 36 தனி வடிவங்கள் தேவைப்படும் ஒரு மொழிக்கு 21 இடங்கள் எந்த மூலைக்கும் போதா. எழுத்துத் தொகுதி முழுவதையும் 768 பைற்றுகளில் புதிதாக வரைந்து, பொறி அதனையே பார்க்கும்படி நினைவகத்தில் முகவரியை மாற்றி வைப்பதுதான் அடுத்த வழி. அந்த வழியில் இறங்கியவருக்கு நினைவகம் என்பது எண்ணிடப்பட்ட இடங்களின் வரிசையே என்னும் அடிப்படை உண்மை விளக்கவுரை எதுவும் இல்லாமலே புரிந்துவிடும். தமிழ் எழுத்தின் அருமையான சிக்கல், கணினியின் உள்ளமைப்பைக் கற்பிக்கும் ஆசானாகவும் இருக்கக்கூடியது என்பதை இத்துறையின் வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை.

ஸ்பெக்ட்ரம் வெளிவந்து பதினைந்து மாதங்களே சென்றிருந்த நிலையில் 1983 யூலை வந்தது. யூலை 24ஆம் திகதி முதல் வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை, இரத்மலானை உட்படக் கொழும்பெங்கும் தமிழரின் வீடுகளும் கடைகளும் தொழிற்சாலைகளும் தேடித் தேடித் தாக்கப்பட்டன. பல இடங்களில் தாக்கியோர் வாக்காளர் பட்டியல்களைக் கையில் வைத்திருந்தனர். உயிர் தப்பியோர் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி, இரத்மலானை விமானத்தளம் போன்ற இடங்களில் அகதிகளாகத் தங்கி, கப்பல்களில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். எரிந்த வீடுகளோடு அவற்றின் தொலைக்காட்சிகளும் ஒலிநாடாக்களும் புத்தகங்களும் எரிந்தன. மனித உயிர்களின் இழப்புக்கு முன்னால் இவை சிறியவை. ஆயினும் ஒரு தொழிலின் வரலாறு எழுதப்படும்போது, அத்தொழில் தளிர்விட்ட அதே ஒழுங்கைகளில், அது தளிர்விட்ட அதே ஆண்டில், அந்தச் சமூகத்தின் ஒரு பெரும்பகுதி வேரோடு பிடுங்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் கடந்து செல்ல முடியாது. சென்றவர்களின் பிள்ளைகள் இலண்டனிலும் பின்னர் தொரன்ரோவிலும் பாடசாலை சேர்ந்தனர். பிரித்தானிய அரசு 1981 முதல் பாடசாலைகள் கணினி வாங்குவதற்கான செலவின் பாதியை ஏற்றுக்கொண்டிருந்தது, பி.பி.சி. ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தன் கணினி அறிவுத் திட்டத்துக்கென ஏக்கோர்ன் நிறுவனத்தைக் கொண்டு செய்வித்த பி.பி.சி. மைக்ரோ அந்நாட்டு வகுப்பறைகளில் நிறைந்திருந்தது. கொழும்பில் உறவினரின் பெட்டிக்காகக் காத்திருக்க வேண்டிய பொருள், அகதியாகச் சென்ற நாட்டில் வகுப்பறைப் பொருளாக இருந்தது.

இதே ஆண்டுகளில் கொழும்பின் பிறிதொரு பகுதியில் கணினி வேறொரு முகத்தோடு அறிமுகமாகியிருந்தது. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க், தமது ‘2010: ஒடிசி ரூ’ என்னும் நாவலை ஆர்கைவ்ஸ் 3 என்னும் நுண்கணினியில் வேர்ட்ஸ்டார் மென்பொருளைக் கொண்டு எழுதி, ஒரே நெகிழ்தட்டில் நியூயோர்க்குக்கு அனுப்பினார், கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கையிலுள்ள செய்மதித் தரைநிலையத்தின் வழியே சென்றன. நாவல் 1982இல் வெளியாயிற்று. அதனைத் திரைப்படமாக்கிய பீற்றர் ஹயம்ஸோடு 1983 முதல் அவர் கேய்ப்ரோ கணினிகளின் வழியாகத் தொலைபேசிக் கம்பியில் கடிதப் போக்குவரத்து நடத்தினார். அந்தக் கடிதங்கள் பின்னர் நூலாகவும் வந்தன. 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தவரும் அவரே. அவர் பெயரால் 1984இல் கட்டுபெத்தவில் நவீன தொழினுட்ப நிலையம் ஒன்று சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது. இதனால் கணினிக்குச் செய்தித்தாள்களில் ஒரு பெருமதிப்புக் கிடைத்தது. ஆனால் கிளார்க்கின் பொறி எழுத்தாளர் ஒருவரின் தொழிற்கருவி. அதில் செய்நிரல் எழுத வேண்டிய தேவை அவருக்கில்லை. ஒழுங்கை வீடுகளின் பொறியோ, செய்நிரல் எழுதினாலன்றி எதுவும் செய்யாதது. தொழிலாளரை உருவாக்கியது பின்னதே என்பது இக்கட்டுரையின் துணிபு.

அரசும் சும்மா இருக்கவில்லை. கொம்பொல் எனப்படும் தேசியக் கணினிக் கொள்கை அறிக்கை 1983இல் தயாரிக்கப்பட்டது. அதன் பயனாக 1984ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின்படி சின்ரெக் எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட கணினி, தகவல் தொழினுட்ப மன்றம் அமைந்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த வி. கே. சமரநாயக்க, 1987இல் அங்கு கணினித் தொழினுட்ப நிறுவகத்தை உருவாக்கினார்; தேர்தல் முடிவுகளைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் தொலைக்காட்சித் திரையில் காட்டிய அவரது குழுவின் முயற்சி, கணினித் திரையில் தமிழ் எழுத்தைப் பொதுமக்கள் பலர் முதன்முதலாகக் கண்ட தருணமாக இருந்திருக்க வேண்டும். மொறட்டுவையில் 1985இல் கணினிக்கெனத் தனித் துறை தோன்றியது. எனினும் இந்த வாயில்கள் மிகக் குறுகியவை. உயர்தரப் பரீட்சையில் தோற்றியவருள் ஒரு சிறு பங்கினருக்கே பல்கலைக்கழக இடம் கிடைத்தது. 1970களில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தலும் மாவட்டப் பங்கீடும் கொழும்பு, யாழ்ப்பாண மாவட்டங்களின் தமிழ் மாணவருக்கு அந்த வாயிலை மேலும் ஒடுக்கின. பொறியியல் பீடத்துக்கு ஓரிரு புள்ளிகளால் இடம் தவறிய மாணவரின் தொகை ஆண்டுதோறும் பெருகிய நகரில், வீட்டில் ஒரு கணினியைக் கையாண்டு பழகிய ஒருவருக்கு அத்திறனை எந்தச் சான்றிதழாக மாற்றுவது என்பதே பெருங் கேள்வி.

அக்கேள்விக்கு விடையளித்தது பரீட்சையை மையமாகக் கொண்ட கொழும்பின் பழைய மரபு. ஐக்கிய இராச்சியத்தின் தொழில்சார் பரீட்சைகளைக் கொழும்பிலிருந்தே எழுதித் தேறும் வழக்கம் கணக்கியல் துறையில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. பகலில் வேலை, மாலையில் வகுப்பு, ஆண்டுக்கொரு பரீட்சை என்னும் அந்த ஒழுங்கு நடுத்தரக் குடும்பங்களுக்கு நன்கு பழகியது. பிரித்தானியக் கணினிச் சங்கம் என்னும் பி.சி.எஸ். நடத்திய இரு பகுதிப் பரீட்சை அதே தடத்தில் வந்து பொருந்தியது. முதலாம் பகுதியும் இரண்டாம் பகுதியும் தேறியவர், பல்கலைக்கழகத்தில் காலடி வைக்காமலே, பட்டத்துக்கு இணையாக மதிக்கப்பட்ட தகைமை ஒன்றைப் பெறலாம். அதற்கு இனப் பங்கீடோ மாவட்டப் பங்கீடோ கிடையாது. கட்டணத்தைச் செலுத்தும் வல்லமையும் ஆங்கிலமுமே வேண்டியவை. காலி வீதியின் இருபுறமும் மாடிப்படிகளுக்கு மேலே கணினி வகுப்புகள் தோன்றியதற்கு இதுவே காரணம். பௌதிகவியலும் தூய கணிதமும் கற்பித்த தனியார் வகுப்புகளின் அருகே, ஐ.பி.எம். கணினியின் மலிவான பிரதிகளை வைத்துக்கொண்டு, கோபோல், பாஸ்கல், டீபேஸ் ஆகியவற்றைக் கற்பிக்கும் நிறுவனங்கள் பலகை மாட்டின. 1990இல் ஐ.ஐ.டி. பிரித்தானியப் பல்கலைக்கழகப் பட்டத்தைக் கொழும்பிலேயே பயிலும் வழியைத் திறந்தபோது இந்த மரபு அடுத்த படிக்கு ஏறியது. 2000ஆம் ஆண்டில் கொழும்புப் பல்கலைக்கழகம் தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டத்தைத் தொடங்கியபோது, அரசும் அதே தடத்தை ஏற்றுக்கொண்டது என்று கொள்ளலாம்.

வீட்டுப் பொறியில் பயின்றது வேலைக்கு எந்த அளவு உதவியது என்பதை மிகைப்படுத்தாமல் கூற வேண்டும். கோபோல் என்பது வணிகக் கணக்குகளுக்கென 1959இல் வடிவமைக்கப்பட்ட மொழி. டீபேஸ் என்பது அட்டவணைகளாகத் தரவைச் சேமித்துத் தேடும் மென்பொருள். கொழும்பில் அக்காலம் இருந்த வேலைகள் சம்பளப் பட்டியல், சரக்கிருப்பு, வங்கிக் கணக்கு, ஆடைத் தொழிற்சாலைகளின் கட்டளைப் பதிவு ஆகியவை. 1987இல் தொடங்கிய சம்பத் வங்கி போன்றவை கணினியைத் தம் அடித்தளமாகவே கொண்டன. திரையில் ஒரு பந்தைத் துள்ளவைக்கக் கற்ற கை, ஆயிரம் ஊழியர்களின் ஊழியர் சேமலாப நிதியைச் சதம் பிசகாமல் கணக்கிடும் வேலைக்கு அப்படியே பொருந்திவிடாது. தன் செய்நிரலைப் பிறர் வாசித்துத் திருத்துவர் என்னும் எண்ணமே வீட்டில் தனியே பயின்றவருக்கு இருப்பதில்லை. மாறிகளுக்கு ஓரெழுத்துப் பெயர் வைப்பதும், கட்டளையிலிருந்து கட்டளைக்குக் கண்டபடி தாவுவதும் பேசிக் வளர்த்த தீய பழக்கங்கள். அவற்றைக் களைந்தவை வகுப்புகளும் பரீட்சைகளுமே. ஆனால் நினைவகச் சிக்கனம், பிழையைத் துருவித் தேடும் பொறுமை, பொறியைக் கண்டு அஞ்சாமை ஆகியவற்றை எந்த வகுப்பும் ஓராண்டில் ஊட்டிவிட முடியாது. 64 கிலோபைற்று நினைவகமுடைய கொமடோரில் பேசிக் செய்நிரலுக்கு எஞ்சுவது 38,911 பைற்றுகள் மட்டுமே என்பதைத் தினமும் திரையில் கண்டு வளர்ந்தவர், ஒரு பைற்றையும் வீணாக்கக் கூசுவார். வீடு பழக்கத்தைத் தந்தது, வகுப்பு ஒழுங்கைத் தந்தது, பரீட்சை பத்திரத்தைத் தந்தது; இவை மூன்றும் ஒரே வீதியில் நடைதூரத்தில் கிடைத்தமையே கொழும்பின் தெற்குப் பெற்ற வாய்ப்பாகும்.

இந்தியாவில் இதே காலம் வேறு வகையில் அமைந்தது. அங்கு இறக்குமதிக் கட்டுப்பாடு நீடித்தமையால் வீட்டுக் கணினி அரிதாகவே இருந்தது. மாறாக, 1984இல் தொடங்கிய கிளாஸ் என்னும் பாடசாலைக் கணினித் திட்டம் ஏறத்தாழ 250 பாடசாலைகளுக்குப் பி.பி.சி. மைக்ரோக்களை வழங்கியது. தமிழ்நாட்டில் பாடசாலையின் பூட்டிய அறையில் வாரத்துக்கொரு முறை கண்ட பொறியைக் கல்கிசையில் உறவினர் தயவால் படுக்கையறையில் காண முடிந்தது எனினும், கல்கிசையில் உறவினர் இல்லாதவருக்கு அந்த வாரத்துக்கொரு முறையும் பெரும்பாலும் இல்லை. வாய்ப்பு குடும்பத்தின் வழியாக மட்டும் பாயும்போது ஏற்றத்தாழ்வு எவ்வாறு பெருகும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

1995இல் இலங்கையில் வணிக இணையச் சேவை தொடங்கியது. 1996இல், வரட்சியால் நீர்மின் நிலையங்கள் தளர்ந்து நாடு நீண்ட மின்வெட்டுகளில் தவித்த அதே ஆண்டில், வேர்ச்சுசா, மில்லேனியம் ஐ.ரி. ஆகிய நிறுவனங்கள் தோன்றின. பங்குச்சந்தை வணிகத்துக்கான மென்பொருளைச் செய்த மில்லேனியம் ஐ.ரி.யை 2009இல் இலண்டன் பங்குச்சந்தை 30 மில்லியன் அமெரிக்க டொலருக்கு வாங்கியது; பிரித்தானியப் பொறியில் எழுதக் கற்ற தலைமுறையின் நாட்டில் ஆக்கப்பட்ட செய்நிரல் பிரித்தானியாவின் தலைமைச் சந்தையை இயக்கச் சென்றது. 2003இல் அமைந்த இலங்கை மென்பொருள் மன்றத்தைச் சூழ்ந்த தொண்டர்கள், 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்த சில நாட்களுக்குள், காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவுசெய்யும் சகானா என்னும் திறந்த மூல மென்பொருளை எழுதினர். அது பின்னர் வேறு பல நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. அவசரத்தில் ஒன்றுகூடி எழுதும் அந்த ஆற்றல் ஓரிரவில் விளைந்ததன்று.

புலம்பெயர்ந்த கிளையிலும் பயிர் விளைந்தது. அது தமிழ் எழுத்தைக் கணினிக்குள் கொண்டுசேர்க்கும் முயற்சியோடு பின்னிப் பிணைந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார், சுவிற்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை உருவாக்கி, 1998இல் மதுரைத் திட்டத்தையும் தொடக்கிவைத்தார். இவ்விருவரும் ஈழத்தவர் அல்லர் எனினும், அவர்களின் எழுத்துருக்களையும் கருவிகளையும் சூழ்ந்து உருவான உலகளாவிய தமிழ்க் கணிமை வட்டத்தில் இலங்கையிலிருந்தும் புலத்திலிருந்தும் ஈழத்தமிழர் பலர் உழைத்தனர். 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவில் எவரும் இலவசமாக வாசிக்கும்படி செய்துவருகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட துயரத்துக்குச் செயலால் இறுக்கப்பட்ட விடையாகவே அம்முயற்சியைக் கருத வேண்டும். 2008இல் தமிழ் விசைப்பலகைக்கான இலங்கைத் தரம் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் இலக்கத்தோடு வெளியாகி, தட்டச்சுக் காலத்து ரங்கநாதன் அமைப்பைக் கணினிக்கும் உரியதாக்கியது. எட்டுக்கு எட்டுச் சதுரத்தில் ‘ண’வுக்கு இடம் தேடிய காலத்திலிருந்து அந்தத் தரம் வரை ஏறத்தாழ கால் நூற்றாண்டு சென்றது.

இந்த வரலாற்றின் மூலச்சான்றுகள் பெரும்பாலும் தனியார் வீடுகளிலேயே உள்ளன. வெள்ளவத்தையிலும் கல்கிசையிலும் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு மாடித்தொகுதிகள் எழும்போது, அலுமாரிகளின் மேற்தட்டுகளில் கிடந்த ஒலிநாடாக்களும், கையெழுத்தில் செய்நிரல் எழுதிய அப்பியாசக் கொப்பிகளும், பி.சி.எஸ். வகுப்புக் குறிப்புகளும் குப்பையோடு போகின்றன. காந்த நாடாவின் பூச்சு ஆண்டுதோறும் உதிர்கிறது. ஈரப்பதன் மிகுந்த கடற்கரை ஊரில் அது இன்னும் விரைவாகும். அவற்றை மீட்பது கடினமன்று: சாதாரணப் பதிகருவியில் நாடாவை ஓடவிட்டு, அதன் ஒலியை இன்றைய கணினியில் பதிவுசெய்தால், பழைய பொறியைப் போலவே இயங்கும் இலவச மென்பொருள்கள் அந்த ஒலியிலிருந்து செய்நிரலை மீண்டும் எடுத்துத் தந்துவிடும். அத்தகைய நாடாவோ கொப்பியோ வைத்திருப்போர், இலங்கையிலிருந்தாலும் இலண்டனிலோ தொரன்ரோவிலோ இருந்தாலும், அதனை எறியும் முன் ஒருமுறை பதிவுசெய்து, எழுதிய ஆண்டையும் பொறியின் பெயரையும் குறித்து, நூலகத் திட்டம் போன்ற ஆவணக் காப்பகம் ஒன்றிடம் ஒப்படைக்க வேண்டும்.